பதினொரு கணினியும் ஒரு சீ.ஆர். கொப்பியும்: வாசகர் கேள்வி – பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில், கடைகளிலும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் உள்ள கணினிகளைப் பராமரிப்பது பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: கட்டடப் பொருள் மொத்த வியாபாரம் செய்கிறோம். கல்முனையில் கடை, அக்கரைப்பற்றில் கிளை. இரண்டு இடத்திலும் சேர்த்துப் பதினொரு கணினி, நான்கு பிரிண்டர், இரண்டு ரவுட்டர் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் பூட்டித் தந்துவிட்டுப் போனார்கள். எதற்கு என்ன பாஸ்வேர்ட் என்று கடையில் யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் சொல்லுங்கள்.
— மொத்த வியாபாரி, கல்முனை

பதில்: மென்பொருளை இப்போது வாங்க வேண்டாம். கையில் என்ன இருக்கிறது என்றே தெரியாத இடத்தில் அந்த மென்பொருள் பன்னிரண்டாவது தொல்லையாகத்தான் வந்து சேரும். முதலில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒரு கணினிக்கு ஒரு பக்கம். அதில் எழுத வேண்டியவை: பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் தொடரிலக்கம், வாங்கிய திகதி, உத்தரவாதம் முடியும் திகதி, ரேம் எத்தனை ஜிபி, உள்ளே இருப்பது எஸ்எஸ்டியா பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, விண்டோஸ் 10 ஆ 11 ஆ, ஹோமா புரோவா, யார் பாவிக்கிறார், என்னென்ன மென்பொருள், எந்த மின்னஞ்சல் கணக்கில் உள்நுழைந்திருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்ற பக்கத்திலேயே இருக்கும். பிரிண்டர், ரவுட்டர், சுவிட்ச், யூபிஎஸ், கமரா ரெக்கோடர் எல்லாவற்றுக்கும் இப்படியே எழுதுங்கள். பாஸ்வேர்டுகளை மட்டும் இந்தக் கொப்பியில் எழுத வேண்டாம். அவற்றை ஒரு பாஸ்வேர்ட் மேலாளர் மென்பொருளில் வையுங்கள். பிட்வோர்டனின் இலவசப் பதிப்பே போதும். அதன் பிரதான பாஸ்வேர்டை உறையிலிட்டு ஒட்டிப் பணப்பெட்டகத்தில் வையுங்கள்.

எழுதி முடிக்கும்போது சில உண்மைகள் தாமாக வெளியே வரும். வேலையை விட்டுப்போன ஒருவரின் சொந்த ஜிமெயிலில் கடையின் கணக்குத் திறந்திருக்கும். நான்கு பிரிண்டருக்கும் நான்கு வகை டோனர் ஓடும். இரண்டு கணினியில் வைரஸ் தடுப்பு காலாவதியாகி நிற்கும். ஆனாலும் கை வைப்பதை ரவுட்டரில் தொடங்குங்கள், ஏனென்றால் அதன் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் முழுக் கடையும் இருக்கிறது. பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் ரீசெட் துளையில் ஊசியை வைத்து அழுத்துவார்கள். அதற்கு முன் இணைய நிறுவனத்துக்கு அழைத்து, உங்கள் இணைப்புக்குப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தேவையா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைக் கேட்காமல் அழுத்திவிட்டு, நாள் முழுக்க இணையம் இல்லாமல் பில் போட்ட கடைகள் உண்டு.

அடுத்தது கணக்குகள். ஒவ்வொரு கணினியிலும் இரண்டு கணக்கு இருக்க வேண்டும்: ஒன்று அட்மினிஸ்ட்ரேட்டர், அது உங்களிடம் மட்டும்; மற்றது தினசரி வேலைக்கான சாதாரணக் கணக்கு. பில் போடும் பிள்ளைக்குச் சாதாரணக் கணக்கைக் கொடுத்தாலே, தெரியாமல் இறங்கும் மென்பொருள்களில் பெரும்பங்கு நின்றுவிடும். பழைய பில் மென்பொருள்கள் சில, அட்மின் இல்லாமல் திறக்க மறுக்கும். பெரும்பாலும் காரணம் இதுதான்: அவை தங்கள் தரவை புரோகிராம் பைல்ஸ் கோப்புறைக்குள்ளேயே எழுதுகின்றன, சாதாரணக் கணக்குக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் செக்கியூரிட்டி பகுதியில் மொடிஃபை அனுமதி கொடுத்தால் போதும். ஆளுக்கே அட்மின் அதிகாரம் கொடுக்கத் தேவையில்லை.

பிறகு பெயரும் எண்ணும். கணினிப் பெயரை ஆங்கில எழுத்தில் ஊர், வேலை, எண் என்ற ஒழுங்கில் வையுங்கள். மொத்தம் 15 எழுத்துக்குள் இருக்கட்டும், அதைத் தாண்டினால் வலையமைப்பில் பெயர் வெட்டுப்படும். ரவுட்டரில் கணினிகளுக்குத் தானாகக் கொடுக்கும் வலையமைப்பு முகவரிகளின் கடைசி எண்ணை 100 முதல் 199 வரை என்று வரையறுத்துவிட்டு, 2 முதல் 49 வரை பிரிண்டர், கமரா, ரெக்கோடருக்கு நிலையாக ஒதுக்குங்கள். மின்சாரம் நின்று வந்தபின் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்ற முறைப்பாட்டில் பெரும்பகுதி, பிரிண்டரின் முகவரி மாறிப்போவதால் வருவதுதான். கல்முனைக்கு 192.168.10, அக்கரைப்பற்றுக்கு 192.168.20 என்று இரண்டு இடத்துக்கும் வேறு முகவரித் தொடர் கொடுங்கள். இரண்டும் 192.168.1 ஆக இருந்தால், பின்னொரு நாள் இரு கடைகளையும் இணைக்கும்போது எந்தப் பிரிண்டர் எங்கே இருக்கிறது என்று ரவுட்டருக்கே தெரியாமல் போகும்.

இத்தனையும் முடிந்த பிறகும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கத்தான் வேண்டும் என்றால், மைக்ரோசொஃப்ட் 365 பிஸ்னஸ் பிரீமியம் சந்தாவுடன் வரும் இன்டியூன் அதைச் செய்யும். அது 300 பயனர் வரையான நிறுவனங்களுக்கானது. கணினிகளை அந்த முறையில் முழுமையாகச் சேர்க்க விண்டோஸ் புரோ தேவை, ஹோம் போதாது. பதினொரு கணினிக்கு இந்த மாதச் செலவு பெறுமதியானதா என்று கேட்டால், கொப்பியும் ஒழுங்கும் இருக்கும் கடைக்கு இன்னும் தேவையில்லை என்றே சொல்வேன். இருபதைத் தாண்டும்போது மீண்டும் யோசியுங்கள்.

கேள்வி: அரிசி ஆலை அலுவலகத்தில் ஆறு கணினி. கணக்குக் கோப்புகளை ஒரு கணினியில் வைத்து மற்ற ஐந்திலும் திறக்கிறோம். சேர்வர் வாங்கச் சொல்லி ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?
— ஆலை உரிமையாளர், சம்மாந்துறை

பதில்: அந்தச் சேர்வர் என்ன வேலை செய்யப் போகிறது என்று அவரிடமே எழுத்தில் கேளுங்கள். கோப்புகளைப் பகிர மட்டும் என்றால் வேண்டாம். விண்டோஸ் 10, 11 கணினி ஒன்றின் பகிர்வில் ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரை அனுமதி உண்டு, உங்களுக்கு ஐந்துதான். ஆனால் இப்போதுள்ள முறையில் ஒரு பலவீனம் இருக்கிறது. அந்தக் கணினியில் ஒருவர் உட்கார்ந்து வேலையும் செய்கிறார். அவர் அதை அணைத்தால் எல்லோரும் நிற்க வேண்டும், அவர் திறக்கும் ஒரு கெட்ட மின்னஞ்சல் எல்லோருடைய கோப்புகளையும் பூட்டிவிடும்.

ஆகவே இரண்டு டிஸ்க் போடும் ஒரு நாஸ் பெட்டி, அதாவது வலையமைப்பில் நேரடியாக இணைக்கும் கோப்புச் சேமிப்புப் பெட்டி, வாங்குங்கள். இரண்டு டிஸ்க்கையும் ரெய்ட் 1 முறையில் வைத்தால் ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும், ஒன்று செத்தாலும் வேலை நிற்காது. ஒன்றை மறக்க வேண்டாம்: ரெய்ட் பேக்கப் அல்ல. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். நாஸ் பெட்டியில் கோப்புகளின் முந்தைய நிலையைச் சேமித்து வைக்கும் ஸ்னப்சொட் வசதி அல்லது ரீசைக்கிள் பின்னை இயக்கி, வெளி டிஸ்க் ஒன்றிலும் தனியாகப் பிரதி எடுங்கள்.

பயனர்களையும் அனுமதிகளையும் ஒரே இடத்தில் வைத்து, யார் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் தன் பாஸ்வேர்டில் திறக்க வேண்டும் என்ற தேவை வந்தால்தான் விண்டோஸ் சேர்வரும் டொமைனும். அப்போதும் 25 பயனர், 50 சாதனம் வரைக்கான எசென்ஷியல்ஸ் பதிப்பைக் கேளுங்கள். அதற்குத் தனியாகப் பயனர் உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஸ்டாண்டர்ட் பதிப்பில் வாங்க வேண்டும், விலைப்பட்டியலில் அந்த வரியைக் காணாவிட்டால் பிறகு வந்து சேரும். ஆலைக்கு ஒரு மேலதிக எச்சரிக்கை: தவிடும் உமித்தூசும் விசிறி வழியே போய்ச் செயலியின் குளிரூட்டித் தகடுகளில் படை படையாக ஒட்டும். பெட்டி எதுவானாலும் அரைக்கும் பகுதியிலிருந்து சுவரால் பிரிந்த அறையில், தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் வையுங்கள். மாரி வெள்ளத்துக்கும் அந்த உயரம் உதவும்.

கேள்வி: துணிக்கடையில் ஏழு கணினி. நான்கு விண்டோஸ் 11 ஐ ஏற்கவில்லை. விண்டோஸ் 10 இலேயே ஓடவிடலாமா?
— காத்தான்குடி

பதில்: விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. கணினி ஓடும், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. ஏற்கவில்லை என்ற நான்கையும் பிசி ஹெல்த் செக் மென்பொருளால் இன்னொரு தடவை பாருங்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று மட்டும் சொன்னால், பயோஸ் அமைப்பில் அது அணைந்திருக்கக்கூடும். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். இயக்கிவிட்டுத் திரும்பப் பாருங்கள். செயலி பழையது என்று சொன்னால், அதாவது இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது என்றால், வழி இல்லை. இணையத்தில் காட்டும் குறுக்கு வழிகளால் ஏற்றலாம், ஆனால் பிந்திய அப்டேட் வருமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கடைக் கணினியில் அதைச் செய்யாதீர்கள்.

நிறுவனங்களுக்குப் பணம் செலுத்திப் பெறும் நீட்டிப்பு உண்டு: கணினி ஒன்றுக்கு முதல் வருடம் 61 டொலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று வருடம். பழைய கணினிக்கு ஒரு வருடத்துக்கு மேல் அதைக் கட்டுவது வீண். உலாவியில் மட்டும் வேலை செய்யும் கணினி என்றால் 4 ஜிபி ரேமும் 16 ஜிபி இடமும் கேட்கும் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸை இலவசமாகப் போடலாம். பில் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடும் என்றால், அந்தக் கணினியை மாற்றத்தான் வேண்டும். நான்கையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. இணையத்தில் அதிகம் உலாவும் கணினியை முதலில் மாற்றுங்கள்.

கேள்வி: மாதம் தொடங்கி இரண்டாம் வாரம் வந்தால் எங்கள் டேட்டா தீர்ந்துவிடுகிறது. ஒன்பது கணினியும் அப்டேட் இறக்குகின்றன. நிறுத்திவிடலாமா?
— தனியார் கல்வி நிலையம், வாழைச்சேனை

பதில்: நிறுத்த வேண்டாம், ஒரு தடவை இறக்கி ஒன்பதிலும் பகிருங்கள். செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், டெலிவரி ஒப்டிமைசேஷன் என்று போய், பிற கணினிகளிலிருந்து இறக்குவதை இயக்கி, உள்ளூர் வலையமைப்பு மட்டும் என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஒன்பதிலும் இதைச் செய்ய வேண்டும். இணையத்தில் உள்ள கணினிகள் என்ற மற்றத் தெரிவைத் தொட்டால் உங்கள் டேட்டா வெளியாருக்கும் போகும்.

இரண்டாம் வாரம் தற்செயலானதல்ல. மைக்ரோசொஃப்ட் மாதாந்த அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நமக்கு அது பெரும்பாலும் செவ்வாய் இரவு அல்லது புதன் காலை. புதனன்று ஒரு கணினியில் மட்டும் ஏற்றி இரண்டு நாள் பாருங்கள். பிரிண்டர், வகுப்பு மென்பொருள் எல்லாம் சரியென்றால், வகுப்பு இல்லாத வேளையில் மற்றவற்றை இயக்கி விடுங்கள். முதல் கணினியும் அப்போது ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பகிர்வதற்கு ஆள் இல்லை. அவசரமென்றால் அப்டேட்டை ஐந்து வாரம் வரை தள்ளிவைக்கலாம்.

கேள்வி: புதிதாக வாங்கிய கணினியில் விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு. அதிலிருந்து மட்டும் பழைய பகிர்வுக் கோப்புறை திறக்கவில்லை. போட்டோகொப்பி இயந்திரத்தின் ஸ்கேனும் அதற்குள் வருவதில்லை.
— சட்ட அலுவலகம், மட்டக்களப்பு

பதில்: கணினியில் பழுது இல்லை. அந்தப் பதிப்பிலிருந்து புரோ கணினிகள் கோப்புப் பகிர்வில் கையொப்பமிட்ட இணைப்பைக் கட்டாயமாக்குகின்றன; பாஸ்வேர்ட் இல்லாத விருந்தினர் நுழைவையும் மறுக்கின்றன. உங்கள் பழைய பகிர்வு யாரும் வரலாம் என்று திறந்து கிடந்திருக்கிறது. கோப்பு இருக்கும் கணினியில் பாஸ்வேர்டுடன் ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, கோப்புறைக்கு அந்தக் கணக்கை மட்டும் அனுமதியுங்கள். புதிய கணினியில் கிரெடென்ஷியல் மனேஜரைத் திறந்து அதே பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு தடவை பதியுங்கள். திறக்கும்.

போட்டோகொப்பி இயந்திரத்தின் உள்மென்பொருளுக்குப் புதிய பதிப்பு இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் ஸ்கேனை மின்னஞ்சலுக்கு அல்லது யூஎஸ்பி குச்சிக்கு மாற்றுங்கள். பழைய கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி 1 ஐ இயக்கினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிய வன்னாக்ரை அந்த வாசலால்தான் கணினிக்குக் கணினி தாவியது. கட்சிக்காரரின் ஆவணம் இருக்கும் அலுவலகத்தில் அதைத் திறந்து வைக்க எந்தப் பழைய இயந்திரமும் காரணமாகாது.

கேள்வி: மருந்தகத்தின் பில் மென்பொருள், மைக்ரோசொஃப்டின் இலவசத் தரவுத்தளமான எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ்ஸில் ஓடுகிறது. ஒவ்வொரு இரவும் தரவுக் கோப்பை யூஎஸ்பி குச்சியில் கொப்பி பண்ணச் சொல்லியிருக்கிறேன். சில நாட்களில் கொப்பி ஆவதில்லை. இது போதுமா?
— மருந்தகம், மட்டக்களப்பு நகர்

பதில்: போதாது, ஆபத்தானதும் கூட. தரவுத்தளம் ஓடும்போது அதன் கோப்பு பூட்டப்பட்டிருக்கும், அதனால்தான் கொப்பி ஆவதில்லை. கொப்பியான நாட்களில் யாரோ மென்பொருளின் சேவையை நிறுத்தியிருக்கிறார்கள், அல்லது கணினி அரைகுறையாக எழுந்திருந்த வேளையில் எடுத்திருக்கிறார்கள். அப்படி எடுத்த கோப்பு திறக்கும் என்று நம்பிப் படுக்க முடியாது.

எஸ்கியூஎல் சேர்வரின் சொந்த பேக்கப் கட்டளையால் எடுக்க வேண்டும். அது தரவுத்தளம் ஓடும்போதே முழுமையான ஒரு கோப்பைத் தரும். பெரிய பதிப்புகளில் இதை நேரம் குறித்து ஓடவைக்கும் ஏஜென்ட் உண்டு, எக்ஸ்பிரஸ்ஸில் இல்லை. ஆகவே விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் இரவு கடை பூட்டி அரை மணிக்குப் பிறகு ஓடும்படி ஒரு சிறு கட்டளைக் கோப்பை வைக்க வேண்டும். மென்பொருள் விற்றவரிடம் இதே வார்த்தைகளில் கேளுங்கள். தெரிந்தவருக்கு ஒரு மணி நேர வேலை. மூன்று விடயத்தில் இது வழமையாகப் பிழைக்கும். பணி, யாரும் உள்நுழையாமல் இருந்தாலும் ஓடும்படி அமைக்கப்பட்டிருக்காது. அல்லது அதை அமைத்த கணக்கின் பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள். அல்லது பத்து மணிக்குக் கணினியை அணைத்துவிட்டு பத்தரைக்குப் பேக்கப் வைத்திருப்பீர்கள். கோப்பின் பெயரில் திகதி வரும்படி செய்தால், இன்றையது இருக்கிறதா என்று காசாளரே காலையில் ஒரு பார்வையில் சொல்லிவிடலாம்.

அந்தக் கோப்பை எங்கே வைப்பது? அதே கணினியில் ஒன்று. வெளி டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்று கடையில், மற்றது வீட்டில். ஒவ்வொரு வெள்ளியும் மாற்றுங்கள். எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் டிஸ்க்கை, கோப்புகளைப் பூட்டும் வைரஸ் கணினியோடு சேர்த்தே பூட்டிவிடும். வீட்டில் கழற்றிக் கிடப்பதுதான் அன்று உங்களைக் காக்கும். மூன்றாவது பிரதி இணையத்தில். கோப்பு 5 ஜிபி, மேலேற்றும் வேகம் விநாடிக்கு 5 மெகாபிட் என்றால் இரண்டேகால் மணி நேரம் எடுக்கும். சிப் செய்து சுருக்கினால் நேரமும் டேட்டாவும் மிஞ்சும். சிப் கோப்புக்குப் பாஸ்வேர்ட் போடுங்கள். நோயாளியின் பெயரும் அவர் எடுக்கும் மருந்தும் உள்ள தரவு அது; 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைத் தனிக் கவனம் தேவைப்படும் வகையில் வைத்திருக்கிறது. கூகுள் டிரைவ் அல்லது மைக்ரோசொஃப்ட் வன்டிரைவில் கோப்புறையை ஒத்திசைத்து விடுவதை மட்டும் பேக்கப் என்று நினைக்காதீர்கள். இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைக்கூடையில் 30 நாள்தான் கிடக்கும்.

எக்ஸ்பிரஸ்ஸில் இன்னுமோர் எல்லை உண்டு: 2022 வரையான பதிப்புகளில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபியைத் தாண்ட முடியாது, 2025 பதிப்பில் 50 ஜிபி. 10 ஐத் தொட்ட நாளில் பில் போட முடியாமல் மென்பொருள் நின்றுவிடும், அதுவும் கூட்டம் நிற்கும் வேளையில். மாதம் ஒரு தடவை அளவைப் பாருங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அன்றைய பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டு, கடைசி பில் இலக்கமும் ஒரு மருந்தின் கையிருப்பும் சரியாக வருகிறதா என்று பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

யூபிஎஸ் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் இதோடு சேர்ந்தது. தரவுத்தளம் கெடுவது பெரும்பாலும் எழுதும் நடுவில் கரண்ட் போவதால். யூபிஎஸ்ஸிலிருந்து கணினிக்கு யூஎஸ்பி கம்பி ஒன்று வரும். அநேகமான கடைகளில் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. அதைப் பூட்டி, மின்கலம் குறைந்ததும் கணினி தானாக ஒழுங்காக அணையும்படி அமையுங்கள். உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி ஈயப் பற்றரி. 25 பாகைக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் பாதியாகும். நமது வெக்கையில் இரண்டு, இரண்டரை வருடத்தில் மாற்றுவதாகவே திட்டமிடுங்கள். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் செருகக் கூடாது. அதன் சூடாக்கி இழுக்கும் மின்சாரத்தை அந்தச் சின்னப் பெட்டி தாங்காது.

கேள்வி: விற்பனைப் பிரதிநிதிகள் பத்துப் பேருக்குப் போன் கொடுத்திருக்கிறோம். ஒருவர் விலகும்போது போனைத் திருப்பித் தந்தார், ரீசெட் செய்தோம், இப்போது அவருடைய ஜிமெயிலைக் கேட்டுப் பூட்டிக்கொண்டு நிற்கிறது.
— விநியோகஸ்தர், ஏறாவூர்

பதில்: அது திருட்டுக்கு எதிரான பூட்டு. செட்டிங்ஸில் கணக்கை நீக்காமல் வெளியிலிருந்து, அதாவது பொத்தான்களை அழுத்தி, ரீசெட் செய்தால் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். அவரை அழைத்து ஒரு தடவை உள்நுழையச் சொல்வதே நேர்வழி. வாங்கிய பற்றுச்சீட்டைக் காட்டி உற்பத்தியாளரின் சேவை நிலையத்திலும் கேட்கலாம்.

இனிப் போன் திரும்பி வரும்போது, அவர் முன்னாலேயே முதலில் கணக்கை நீக்கி, பிறகு உள்ளிருந்து ரீசெட் செய்து, திரை எழும்பி வருவதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். புதிதாகக் கொடுக்கும்போது நிறுவனக் கணக்கில் கொடுங்கள். கூகுளின் கிளவுட் ஐடென்டிட்டி இலவசப் பதிப்பில் 50 பயனர் வரை உருவாக்கலாம், சொந்த டொமைன் பெயர் ஒன்று வேண்டும். திரைப்பூட்டைக் கட்டாயமாக்கவும், தொலைந்த போனிலிருந்து நிறுவனக் கணக்கை அழிக்கவும் அது போதும். *#06# அழுத்தினால் வரும், போனின் 15 இலக்க அடையாள எண்ணை ஒரு கொப்பியில் எழுதுங்கள். சிம் நிறுவனப் பெயரில் இருக்கட்டும். வாட்ஸ்அப் பிஸ்னஸ் இலக்கத்துக்கு இரட்டைச் சரிபார்ப்பின் ஆறு இலக்கப் பின் போட்டு, அந்தப் பின்னை அலுவலகம் வைத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் பட்டியல் ஒருவரின் சொந்தப் போனில் மட்டும் இருந்தால், அவர் போகும்போது வியாபாரமும் அவரோடு போகும்.

கேள்வி: விடுதியின் வரவேற்பறையிலிருந்து பின்புறக் கட்டடத்துக்கு 70 மீற்றர் நெட்வேர்க் கேபிள் இழுத்திருக்கிறோம். இரண்டு வருடமாக ஒக்டோபர், நவம்பரில் இடி விழும்போது சுவிட்சும் ரவுட்டரும் எரிகின்றன. யூபிஎஸ் இருந்தும் இப்படி.
— பொத்துவில்

பதில்: யூபிஎஸ் காப்பது மின்வழியை மட்டும். உங்கள் பாதிப்பு வருவது நெட்வேர்க் கேபிள் வழியே. இரண்டு கட்டடத்துக்கும் இடையில் 70 மீற்றர் செம்புக் கம்பி கிடந்தால், அருகில் எங்கோ மின்னல் இறங்கினாலே அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். இரு கட்டடங்களின் ஏர்த்தும் வேறு வேறு என்பதால், அந்த வித்தியாசம் பாயும் பாதையாகவும் அதே கம்பி மாறும். 100 மீற்றருக்கு உட்பட்டதால் சாதாரண நாளில் வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

செம்பை எடுத்துவிட்டு ஃபைபர் போடுங்கள். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. வெளிப்புறத்துக்கான சிங்கிள் மோட் கேபிள், உள்ளே உருக்குக் கம்பியோ கவசமோ இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். உலோகம் இருந்தால் பழைய கதைதான். இரு முனையிலும், ஃபைபரைச் சாதாரண நெட்வேர்க் கேபிளோடு சேர்க்கும் ஒவ்வொரு மீடியா கன்வர்ட்டர். கேபிளை இரண்டு முனையும் இணைப்பி பூட்டிய நிலையில் வாங்கலாம். அப்படியென்றால் கேபிள் போகும் குழாயின் விட்டம் இணைப்பி நுழையும் அளவு இருக்க வேண்டும். தூரத்தை அளந்து அதற்கு மேல் 10 மீற்றர் சேருங்கள். குழாய் புதைக்க முடியாத இடமென்றால் 5 கிகாஹேர்ட்ஸ் வயர்லெஸ் பாலம் இரண்டாம் தெரிவு. ஆனால் கூரையில் நிற்கும் அந்தக் கருவியிலிருந்து இறங்கும் கேபிளும் செம்புதான், அதற்குத் தகுந்த மின்னெழுச்சித் தடுப்பும் ஏர்த்தும் வேண்டும். பிரதான மின்பலகையில் மின்னெழுச்சித் தடுப்பான் போடவும் ஏர்த் தடையை அளக்கவும் ஒரு மின்னியலாளரை அழையுங்கள்.

கட்டடத்துக்குள் மீதிக் கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவு; கடல் காற்றில் முனைகள் விரைவில் அரித்து, இணைப்பு வந்து வந்து போகும். அந்தப் பழுதைக் கண்டுபிடிக்க நாட்கள் ஓடும். மார்ச்–ஏப்ரலும் ஒக்டோபர்–நவம்பரும் இடை மழைக்காலம், பின்னேர இடி அப்போதுதான் அதிகம். ஃபைபர் வரும்வரை, வானம் கறுத்தால் மின் செருகியோடு நெட்வேர்க் கேபிளையும் கழற்றச் சொல்லுங்கள். இடி முழங்கத் தொடங்கிய பிறகு கழற்றப் போக வேண்டாம்.

கேள்வி: புதிய கணினியில் பழைய கடிதங்களைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குழப்பமாக வருகிறது.
— சங்க அலுவலகம், அக்கரைப்பற்று

பதில்: அவை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சானவை. கோப்பு கெடவில்லை. பாமினி எழுத்துருவைப் புதிய கணினியில் வலது சொடுக்கி, எல்லாப் பயனருக்குமாக நிறுவுங்கள். ஆனால் இனி எழுதுவதெல்லாம் யூனிகோடில் இருக்கட்டும். பாமினிக் கோப்பில் ஓர் அங்கத்தவர் பெயரைத் தமிழில் தேடினால் கிடைக்காது, மின்னஞ்சலிலும் போனிலும் வாசிக்கவும் முடியாது. அங்கத்தவர் பட்டியலை மட்டும் எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றியபின் கொம்பு, கால், ஊகார வரிகளைக் கண்ணால் சரிபாருங்கள். பழைய கடிதங்கள் அப்படியே இருக்கலாம்.

கேள்வி: லப்டொப்பின் போர்டை மாற்றினோம். இப்போது 48 இலக்கத் திறவுகோல் கேட்கிறது.
— செங்கலடி

பதில்: டிஸ்க், விண்டோஸின் பிட்லொக்கர் என்ற பாதுகாப்பு வசதியால் பூட்டப்பட்டிருக்கிறது. புதிய விண்டோஸ் 11 கணினிகள், மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்நுழைந்தாலே பல வேளைகளில் இதைத் தாமாகச் செய்துவிடுகின்றன. லப்டொப்பை முதன்முதல் அமைத்தவரின் மைக்ரோசொஃப்ட் கணக்குப் பக்கத்தில், சாதனங்கள் பகுதியில் திறவுகோல் இருக்கும். அந்தக் கணக்கு யாருடையது என்று தெரியாவிட்டால் தரவைத் திரும்பப் பெற வழியில்லை. திறவுகோல் கிடைத்ததும் அச்சிட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். மற்ற லப்டொப்களுக்கும் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்பே இதைச் செய்யுங்கள்.

கேள்வி: வெளியூரில் இருக்கும்போது கடைக் கணினியைத் திறக்க, ரவுட்டரில் 3389 ஐத் திறந்துவிடச் சொல்கிறார் ஒருவர்.
— மீன் ஏற்றுமதியாளர், கல்குடா

பதில்: விட வேண்டாம். அது விண்டோஸின் தொலை நுழைவு வாசல் என்பது எல்லோருக்கும் தெரியும். திறந்த சில மணி நேரத்தில் தானியங்கி நிரல்கள் அதைக் கண்டு பாஸ்வேர்டுகளை ஓயாமல் முயன்று பார்க்கத் தொடங்கும். எண்ணை மாற்றி வைத்தாலும் கண்டுபிடித்துவிடும்.

கடைக் கணினியிலும் உங்கள் லப்டொப்பிலும் போனிலும் இணையத்தின் ஊடாக உங்கள் கருவிகளை மட்டும் இணைக்கும் தனி வழி அமைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற ஒரு விபிஎன் மென்பொருளை நிறுவி, இரட்டைச் சரிபார்ப்புள்ள ஒரே கணக்கில் சேருங்கள். ரவுட்டரில் எதையும் திறக்கத் தேவையில்லை. 4ஜி ரவுட்டர்களுக்குப் பெரும்பாலும் தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. வாசல் திறக்கும் முறை அங்கே எப்படியும் வேலை செய்யாது, விபிஎன் வேலை செய்யும். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டொப்பை ஏற்கப் புரோ பதிப்பு வேண்டும். ஹோம் என்றால் ரஸ்ட்டெஸ்க் போன்ற தொலை இயக்க மென்பொருளைப் பாவிக்கலாம்.

இப்போது அந்தக் கணினியில் என்னென்ன தொலை இயக்க மென்பொருள் ஏற்கனவே இருக்கிறது என்றும் பாருங்கள். பழுதுபார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒன்றைப் போட்டு, ஆள் இல்லாமலே திறக்கும் பாஸ்வேர்டும் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். வைத்த ஒன்றின் பாஸ்வேர்டை, அடுத்த தடவை பழுதுபார்ப்பவர் வேலை முடிந்து வெளியேறிய உடனேயே மாற்றுங்கள்.